மிச்சக் கரண்டும் இரண்டு விசிலும்

மிச்சம் என்றால் யாருக்குக் கசக்கும்? மாவு மிஞ்சினால் டப்பாவில் போட்டு வைக்கிறோம். துணி மிஞ்சினால் தலையணை உறை தைக்கிறோம். பொழுது மிஞ்சினால் அடுத்த வீட்டுக் கதையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். ஆனால் மிச்சம் என்ற பேச்சைக் கேட்டாலே பதறிப்போகிற ஒருத்தி இருந்தாள். அவளுக்கு வாய்த்த வேலை அப்படி. ஊரார் அவளை வெந்நீரம்மா என்பார்கள்.

ஊர் ஒரு மலைச்சரிவில் இருந்தது. ஒரே தெரு, அதுவும் வளைந்து வளைந்து மேலே ஏறுகிற தெரு. இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பது வீடு, ஒரு பேக்கரி, ஒரு மரப்பட்டறை, ஒரு மாவு மில். அரசாங்கத்து மின்கம்பி இதோ வருகிறது, அதோ வருகிறது என்று சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறைக்கு நரை விழுந்துவிட்டது. காத்திருந்து கண் பூத்துப்போன ஊர்க்காரர்கள் தாங்களே ஒரு சங்கம் சேர்த்தார்கள். மேலேயிருந்து விழுகிற ஓடையைக் குழாயில் பிடித்து, கீழே ஒரு கொட்டகையில் இரும்புச் சக்கரத்தின் மேல் பாய்ச்சினார்கள். சக்கரம் சுற்றியது, வீடுகளில் விளக்கு எரிந்தது.

இங்கேதான் சங்கதி இருக்கிறது. தண்ணீருக்குத் தெரியுமா, யார் வீட்டில் விளக்கு எரிகிறது, யார் வீட்டில் அணைத்துவிட்டுத் தூங்கப் போனார்கள் என்று? அது பாட்டுக்கு ஒரே வேகத்தில் விழுந்துகொண்டிருக்கும். ஊர் கரண்டை இழுத்தால் சக்கரத்துக்குப் பாரம், நிதானமாகச் சுற்றும். ஊர் இழுக்காவிட்டால், மூட்டையை இறக்கிய வண்டி சரிவில் ஓடுகிற மாதிரி தலைதெறிக்க ஓடும். அப்படி ஓடவிடக் கூடாது என்பதற்காகக் கொட்டகைக்கு வெளியே ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி வைத்து, அதற்குள் மூன்று ஹீட்டர் கம்பிகள் போட்டிருந்தார்கள். ஊருக்கு வேண்டாத கரண்டையெல்லாம் சுவரில் மாட்டிய ஒரு பெட்டி அந்தக் கம்பிகளுக்குத் திருப்பிவிடும். ஊர் தூங்கினால் தொட்டி கொதிக்கும். ஊர் விழித்துக்கொண்டு வேலை செய்தால் தொட்டி ஆறும்.

அந்தத் தொட்டிக்கும் பெட்டிக்கும் சக்கரத்துக்கும் காவல்தான் நம் வெந்நீரம்மா. ஒரு காலத்தில் கீழே டவுனில், மோட்டார் ரீவைண்டிங் கடையில் செம்புக்கம்பி சுற்றியவள். புருஷன் போன பிறகு, மகனும் வேலைக்கென்று தூரதேசம் போய்விட, அக்கா வீட்டோடு வந்து சேர்ந்தாள். மோட்டாரைப் பிரித்துப் பார்த்த கை என்று சங்கத்தார் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

காலையில் அவள் கொட்டகைக்குப் போனதும் முதல் வேலை, காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது. சக்கரத்தின் சத்தம் அவளுக்குப் பெற்ற பிள்ளையின் குரல் மாதிரி. கொஞ்சம் உயர்ந்தால், 'மில்லை நிறுத்திட்டான்' என்பாள். கொஞ்சம் இறங்கினால், 'பட்டறையில ரம்பம் போட்டாச்சு' என்பாள். பெட்டியில் வேகம் காட்டும் முள்ளை அதற்கப்புறம்தான் பார்ப்பாள். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் பெட்டி ஊரை ஒரேயடியாகத் துண்டித்துவிடும். அவள் காவலில் அது ஒருநாளும் தொட்டதில்லை.

தொட்டியில் கொதித்த தண்ணீரை என்ன செய்வது? வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். விடிந்ததும் வாளியும் குடமுமாக ஜனங்கள் கொட்டகை வாசலுக்கு வருவார்கள். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ, எல்லாவற்றுக்கும் வெந்நீர். பேர் அப்படி வந்ததுதான். எடுத்தது போக மிஞ்சியதை ஓடைக்கே திறந்துவிடுவாள். அத்துடன் விட்டாளா? தெருவில் இறங்கி வீடு வீடாகக் கெஞ்சுவாள். "பகல்ல கொஞ்சம் செலவு பண்ணுங்களேன். துணியை அப்போ இஸ்திரி போடுங்க. ராத்திரி எல்லாருமா சேந்து இழுக்காதீங்க." பேக்கரிக்காரரிடம் சொல்லிச் சொல்லி அவருடைய பெரிய மின்சார அடுப்பைக் காலை வேளைக்கு மாற்றவைத்தாள். தாராளமாகச் செலவு செய் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறவளை உலகத்தில் வேறு எங்கே பார்ப்பது? ஊர் சிரித்தது. சிரித்துக்கொண்டே கேட்டும் கொண்டது.

கேட்காத ஆள் ஒன்றே ஒன்று. அது அவள் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

அக்காவுக்கும் ஊரில் ஒரு பட்டப்பேர் உண்டு. ஆஃப் அக்கா. சக்கரம் வருவதற்கு முந்தின காலத்தில் ஊருக்கு இருந்ததெல்லாம் கூரை மேல் நாலு வரிசை சோலார் தகடும், கீழே ஒரு அறை நிறைய பேட்டரியும்தான். பகலெல்லாம் வெயில் குடித்துச் சேர்த்ததை ராத்திரி நாற்பது வீடும் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒரு வீட்டில் ஒரு விளக்கு வீணாக எரிந்தால் இன்னொரு வீட்டில் இருட்டு. அந்தப் பேட்டரிகளுக்குக் காவல் இருந்தவள் அக்கா. கழுத்தில் ஒரு விசிலை மாட்டிக்கொண்டு தெருவில் நடப்பாள். ஒரு நீள விசில் என்றால், அணை. மத்தியானம் பேட்டரி நிரம்பியதும் இரண்டு குட்டை விசில். அதற்கு அர்த்தம், இனிமேல் போடலாம். அணைக்காத வீட்டின் கதவைத் தட்டுவாள். "உள்ள யாரு, விளக்கு தனியா உக்காந்து படிக்குதா?" என்பாள். பெரிய மனுஷர், சின்ன மனுஷர் என்று பார்த்ததில்லை. அவள் கண்ணில் மண்ணைத் தூவ யாராலும் முடிந்ததில்லை.

ஊருக்குச் சொன்னதைத் தனக்கு இரண்டு மடங்காகச் சொல்லிக்கொள்கிற பிறவி அது. மற்ற வீடுகளில் பல்பு எரியட்டும் என்று தன் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டாள். கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, அந்தப் புகையில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் துணி தைத்தாள். நெஞ்சு கெட்டதற்கு அதுதான் காரணம் என்று பிற்பாடு நர்ஸ் சொன்னபோது, "வயசானா எல்லாருக்கும்தான் இருமல் வரும்" என்று பேச்சை வெட்டிவிட்டாள்.

பேட்டரிகள் வீங்கிச் செத்தன, சக்கரம் வந்தது. காலம் மாறியது, அக்கா மாறவில்லை. விசிலைக் கழற்றி ஜன்னலோரம் ஆணியில் மாட்டினாளே ஒழிய, கை சும்மா இருக்கவில்லை. தங்கை ஒரு அறையில் விளக்கைப் போட்டால் பின்னாலேயே வந்து அணைப்பாள். சாப்பிடும்போது அணைப்பாள்: "வாய்க்கு வழி தெரியாதா?" தங்கைக்கும் அவளுக்கும் இந்த விஷயத்தில் ஏழாம் பொருத்தம்.

"அக்கா, நீ அணைக்கிற கரண்ட் எங்கயும் சேராது. பேட்டரி இல்ல. அது நேரா தொட்டிக்குத்தான் போகுது."

"ஏன் போகுது? நிறுத்து."

"தண்ணிய நிறுத்த முடியாதுக்கா."

"எதையாவது நிறுத்து. எரியறதுக்குன்னே எரியற கரண்ட் ஒண்ணு இருக்கா? நல்ல கதையா இருக்கே."

இந்த வழக்கு பன்னிரண்டு வருஷமாக நடந்தது. தீர்ப்பு வரவில்லை. அதன் உச்சம் என்னவென்றால், ஊரே வெந்நீரில் குளிக்க, வெந்நீரம்மாவின் சொந்த அக்கா மட்டும் பச்சைத்தண்ணீரில் குளித்தாள். மலைக் குளிரில், நெஞ்சுச் சளியோடு! தங்கை ஆசையாக ஒரு வாளி கொண்டுவந்து வைத்தால், அதை ஆறவிட்டுச் செடிக்கு ஊற்றிவிடுவாள். "வீணாப் போன கரண்ட்ல எனக்குக் குளிக்க வேணாம்." எனக்கு அவளைப் பிடிக்கும்தான், ஆனாலும் இந்த இடத்தில் இரண்டு வார்த்தை திட்டலாம் போலிருக்கிறது. தங்கை திட்டவில்லை. குளியலறைக்குள் அக்கா தண்ணீர் மொள்ளுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு சிலிர்த்துக்கொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு கொட்டகைக்குக் கிளம்பிவிடுவாள்.

கடைசியில் நெஞ்சு கையை விரித்துவிட்டது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது, உதடு நீலம் பாரித்தது. கீழேயிருந்து வருகிற நர்ஸ் ஒரு ஆக்சிஜன் மிஷினைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். சின்ன அலமாரி அளவு. காற்றை உறிஞ்சி, சலித்து, மூக்குக்கு அனுப்பும். கரண்ட் இருந்தால்தான் ஓடும். கரண்ட் போனால் சமாளிக்க ஒரு சின்ன சிலிண்டரும் கொடுத்தாள். அக்கா முகமூடியை மாட்டிக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "இது எத்தனை கரண்ட் தின்னும்?"

அந்த வருஷம் மழை ஓயவில்லை. சிலிண்டர் தீர்ந்துபோக, நிரப்பி வர ஜீப்பில் கீழே அனுப்பினார்கள். அதே ஜீப்பில் தொட்டிக்குப் புதுக் கம்பிகளும் வர வேண்டும். மூன்றில் ஒன்று உப்புப் படிந்து, முந்தின வாரமே கருகிவிட்டது. ஜீப் போன மறுநாள் பாதையில் மண் சரிந்தது. வண்டி அந்தப் பக்கம், ஊர் இந்தப் பக்கம். ஓடை மட்டும் குஷியாகப் பெருகி ஓடியது.

அன்று சாயங்காலம் குளிருக்கு எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் சமையலும் ஹீட்டரும். விளக்குகள் மங்கின. அக்காவின் மிஷின் கீ, கீ என்று கத்திவிட்டு, கொஞ்ச நேரத்தில் தானே சமாளித்துக்கொண்டது. அந்தக் கத்தல் எதிர்வீட்டுப் பேக்கரிக்காரர் காதில் விழுந்தது. நல்ல மனுஷர். ஒரு காலத்தில் ராத்திரியில் திருட்டுத்தனமாக ரேடியோ கேட்டு அக்காவிடம் மாட்டிக்கொண்டவர். அன்றிலிருந்து அவள் மேல் பயமும் பிரியமும் அவருக்குச் சரிபாதி. அன்று ராத்திரி அவருக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

காலையில் தங்கை கொட்டகைக்குப் போன பிறகு அவர் குடையோடு வந்து கட்டிலண்டை நின்றார்.

"அக்கா, கரண்ட் போதுமா உங்களுக்கு? நேத்து மிஷின் கத்துச்சே."

அக்காவுக்குப் பேச மூச்சில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு அவளிடம் ஆயுசு முழுக்கத் தயாராக இருந்தது ஒரே பதில். முகமூடியைக் கொஞ்சம் தூக்கினாள்.

"எல்லாரையும்... அணைக்கச் சொல்லு."

அவ்வளவுதான். பேக்கரிக்காரர் முதலில் தன் அடுப்பை அணைத்தார். உள்ளே ரொட்டி பாதிதான் வெந்திருந்தது, போகட்டும் என்று விட்டார். பிறகு மழையில் இறங்கி வீடு வீடாகப் போனார். "அக்காவுக்கு மூச்சு முட்டுது. கரண்டை அவங்களுக்கு விடணும். எல்லாத்தையும் அணைங்க." யாரும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. மில்காரர் மில்லை நிறுத்தினார். இஸ்திரிப் பெட்டி, டிவி, ஹீட்டர், தையல் மிஷின், ஒன்று விடாமல் அணைந்தன. சிலர் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஊர் மொத்தமும் ஒருத்திக்காகக் குளிரில் உட்கார்ந்திருந்தது. இதைவிட நல்ல மனசு எங்கே கிடைக்கும்? இதைவிட ஆபத்தான மனசும் கிடைக்காது.

கீழே கொட்டகையில் 'டப்' என்று ஒரு சத்தம். தொட்டியில் இரண்டாவது கம்பியும் போய்விட்டது. வெந்நீரம்மா முதலில் பதறவில்லை. காலை நேரம், பேக்கரி அடுப்பு ஓடுகிறது, மில் ஓடுகிறது; மிஞ்சுகிற கொஞ்சத்தை ஒற்றைக் கம்பி தாங்கிக்கொள்ளும். கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவளுக்குச் சத்தம் வித்தியாசமாகப் பட்டது. சக்கரத்தின் குரல் ஏறிக்கொண்டிருந்தது. மில் நின்ற மாதிரி ஏறியது. பிறகு அதற்கும் மேலே ஏறியது. முள்ளைப் பார்த்தாள். சிவப்புக் கோட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

கையில் கிடைத்ததையெல்லாம் சொருகினாள். டீ போடுகிற கெட்டில், ஈரத்துணி காயவைக்கிற ஹீட்டர், பழைய இஸ்திரிப் பெட்டி, கொட்டகையில் இருந்த அத்தனை பல்பு. முள் கொஞ்சம் தயங்கி நின்றது. பிறகு மறுபடி நகர்ந்தது.

தண்ணீரை மூடிவிடலாமே என்று தோன்றும். மூடினால் சக்கரம் பிழைத்துக்கொள்ளும், அக்காவின் மிஷின் நின்றுவிடும். பாதி மூடலாமே என்றால், அந்த வால்வு பாதியில் நிற்கிற ஜாதி இல்லை. பாதியில் விட்டால் குழாய் மேலிருந்து கீழ்வரை உதறி இணைப்பு பிய்த்துக்கொள்ளும். சும்மா விட்டாலோ, முள் கோட்டைத் தொட்டதும் பெட்டியே ஊரைத் துண்டித்துவிடும். ஒருமுறை துண்டித்தால் ஒற்றைக் கம்பியை வைத்துக்கொண்டு மறுபடி ஓட்ட முடியாது. எந்தப் பக்கம் போனாலும் அக்காவுக்கு மூச்சு இல்லை. மிச்சம் சேர்ந்து சேர்ந்து அக்காவின் தொண்டையில் கை வைக்கப் போகிறது. ஊர் கரண்டை இழுத்தாக வேண்டும், அதுவும் இப்போதே. வெந்நீரம்மா செருப்புக்கூடப் போடாமல் மழையில் தெருவுக்கு ஓடினாள்.

பாதி வழியில் பேக்கரிக்காரர் குடையோடு எதிரே வந்தார். முகத்தில் ஒரு காரியத்தை முடித்த திருப்தி.

"கவலைப்படாதீங்கம்மா. தெரு முழுக்க அணைச்சாச்சு. பட்டறை மட்டும்தான் பாக்கி. அங்கதான் போறேன்."

"ஐயோ! யார் உங்களை அணைக்கச் சொன்னது?"

"அக்காதான்."

"போடுங்க! உங்க அடுப்பைப் போடுங்க முதல்ல! எல்லார் வீட்டுலயும் எல்லாத்தையும் போடச் சொல்லுங்க!"

அவர் கண் கலங்கிவிட்டது. "உங்க பெருந்தன்மை எனக்குத் தெரியும்மா. எங்களுக்குக் கஷ்டம் வேணாம்னு சொல்றீங்க. ரொட்டி போனாப் போகுது. உயிர் பெரிசு இல்லியா?"

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பன்னிரண்டு வருஷம் சிரிக்கச் சிரிக்கச் செலவு பண்ணச் சொன்ன வாய்; இன்று அழுதுகொண்டு சொன்னால் யார் நம்புவார்கள்? நாற்பது வாசலில் நின்று ஹீட்டர் கம்பியின் கதையை விளக்க நேரம் எங்கே இருக்கிறது? கீழே சக்கரம் கூவுவது அங்கேயே கேட்டது. அவரைத் தாண்டி வீட்டுக்குள் ஓடினாள்.

அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். மிஷின் ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தங்கை நேராக ஜன்னலுக்குப் போய் ஆணியில் இருந்த விசிலை எடுத்து வாயில் வைத்தாள். ஓடி வந்ததில் மூச்சு இரைத்தது. அதுவரை அக்கா அந்த விசிலைத் தொடவிட்டதில்லை. ஊதினால் கட்டுப்படாமல் நீளமாக இழுத்துவிடும். நீளமாகப் போனால் அதற்கு ஊரில் வேறு அர்த்தம், பட்டறையும் அணைந்துவிடும். ஊதாமல் விசிலை எடுத்துவிட்டாள்.

"அக்கா, நீ ஊது. ரெண்டு."

அக்கா முகமூடிக்குள்ளிருந்து முறைத்தாள். "இப்பவா? சேத்து வைக்கிற... நேரத்துலயா?"

எத்தனையோ தடவை விளக்கியவள் அன்று விளக்கவில்லை. கட்டில் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்து, ஈரத் தலையோடு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கம்பி போச்சுக்கா. ஊர் அணைக்க அணைக்க உன் மிஷின்தான் நிக்கப் போகுது. நீ போயிட்டா நான் யார்கிட்ட சண்டை போடுவேன்?" கண்ணீர் வழிந்தது.

அக்கா அவள் முகத்தையே பார்த்தாள். தொட்டியைப் பற்றியும் கம்பியைப் பற்றியும் தங்கை சொன்ன எதையும் அவள் என்றைக்கும் நம்பியதில்லை. ஆனால் சின்னவள் பொய்யாக அழமாட்டாள் என்பது சின்ன வயசிலிருந்து அவளுக்குத் தெரியும்.

"கொடு இங்க. அதுக்கு ஒரு முறை இருக்கு."

முகமூடியைக் கழற்றினாள். தங்கை அவளைத் தாங்கிப் பிடித்து ஜன்னலைத் திறந்தாள். மழைச்சாரல் முகத்தில் அடித்தது. அக்கா விசிலை வாயில் வைத்து ஊதினாள். வெறும் காற்றுதான் வந்தது, கூடவே கொஞ்சம் எச்சில். முகமூடியை வைத்துக்கொண்டு நாலு மூச்சு இழுத்தாள். உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. தங்கை, "வேணாம், விடுக்கா" என்றாள். அக்கா கையால் அவளைத் தள்ளிவிட்டு, மறுபடி முகமூடியை எடுத்தாள்.

பீ. பீ.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. பழைய ஆஃப் அக்காவாக இருந்தால் வெட்கப்பட்டிருப்பாள். ஆனால் தெருவில் குடையோடு நின்றுகொண்டிருந்த பேக்கரிக்காரருக்குக் கேட்டது. அந்த மனுஷர் அப்படியே நின்றார். இரண்டு குட்டை. அக்கா போடலாம் என்றால் போடலாம். அதில் கேள்வி ஏது? குடையை வீசிவிட்டு, இரண்டு விரலை வாயில் வைத்து, இரண்டு விசில் அடித்தார். பட்டறையிலிருந்து தச்சர் பதிலுக்கு அடித்தார். அங்கிருந்து மேல் வளைவில் யாரோ அடித்தார்கள். பேட்டரிக் காலத்தில் வாழ்ந்தவர்கள் யாரும் அதை மறக்கவில்லை. விசில் தெருவின் தலைவரைக்கும் ஏறியது.

அடுப்பு எரிந்தது. மில் ஓடியது. பட்டறையில் ரம்பம் கிளம்பியது. பட்டப்பகலில், கொட்டுகிற மழையில், நாற்பது வீட்டு விளக்கும் வாசல் பல்பும் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. ஜன்னலருகே அக்காவை அணைத்துப் பிடித்தபடி வெந்நீரம்மா காதைக் கீழே கொட்டகைப் பக்கம் வைத்திருந்தாள். கூவல் இறங்கியது. இன்னும் இறங்கியது. பழைய குரலுக்கு வந்து நின்றது. பக்கத்தில் மிஷின் ஒருமுறைகூடக் கத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் முகத்தில் முகமூடியை மாட்டிவிட்டு, சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள்.

மண் சரிவை அகற்றுகிற வரைக்கும் ஊர் முறை போட்டுக்கொண்டு கரண்டைச் செலவு செய்தது. இஸ்திரி போட்ட துணிக்கே மறுபடி இஸ்திரி போட்டார்கள். டீ குடிக்க ஆளில்லாவிட்டாலும் தண்ணீரைக் கொதிக்கவைத்தார்கள். பேக்கரிக்காரர் அந்தப் பாதி வெந்த ரொட்டிகளைத் திரும்ப அடுப்பில் தள்ளி எடுத்தார். செங்கல் மாதிரி இருந்தது. ஆனாலும் தெருவில் ஒரு வீடு விடாமல் வாங்கிப் போய் டீயில் ஊறவைத்துத் தின்றார்கள்.

பிறகு ஜீப் வந்தது. சிலிண்டர் வந்தது, புதுக் கம்பிகள் வந்தன. நர்ஸ் வந்து ஊசி போட்டாள், மருந்தை மாற்றினாள். மழை விட்டு வெயில் அடித்த பிறகு அக்கா பகலில் கொஞ்ச நேரம் மிஷின் இல்லாமல் உட்கார ஆரம்பித்தாள். அன்றைய நாளைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கையும் கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷத்து வழக்கில் ஜெயித்தவள் அவள். ஆனால் அதைச் சொல்லிக்காட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

ஒரு மத்தியானம் மூன்று புதுக் கம்பிகளையும் சரிபார்த்துவிட்டு வெந்நீரம்மா வீட்டுக்கு வந்தாள். கட்டில் காலியாக இருந்தது. குளியலறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே, நல்ல பகல் வெளிச்சத்திலும், பல்பு எரிந்துகொண்டிருந்தது. ஸ்டூலில் அக்கா தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காலி வாளி.

"எவ்வளவு நேரம்டி காத்திருக்கறது? உன் தொட்டித் தண்ணி இருக்கா, தீந்துபோச்சா?"

வெந்நீரம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாள். ஆவி பறக்கக் கொண்டுவந்து, கையை விட்டுச் சூடு பார்த்து, விளாவி, ஒரு சொம்பு மொண்டு அக்காவின் முதுகில் மெல்ல ஊற்றினாள். எலும்பு தெரிகிற முதுகு. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது சொம்பும் ஊற்றினாள். மூன்றாவதும் ஊற்றினாள்.

"அடிப் பாவி" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல். "இதையா இத்தனை வருஷமா ஓடையில கொட்டினே?"

தங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அடுத்த சொம்பை மொண்டாள்.